விடாத கிளட்ச்

என் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு கிடையாது, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டு வேலையை முடித்து, எட்டரைக்குக் கடையைத் திறந்து, இருட்டும் வரை நட்டும் போல்ட்டுமாகக் கிடப்பவள் உட்கார்ந்து ஒரு பேய்க் கதையை ஜோடிப்பாளா? நடந்ததைச் சொல்லவே அவளுக்கு அலுப்பு. நான் நாலைந்து தடவை கேட்டு, துண்டு துண்டாகப் பிடுங்கிச் சேர்த்ததுதான் இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அன்று சாயங்காலம் அவள் இடது கையை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா டூவீலர் மெக்கானிக். பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி வரிசையாக ஆறு ஷட்டர் கடைகள். கடைசிக் கடை அவளுடையது. மாமா பஸ் டிரைவர். முதுகில் டிஸ்க் விலகிப் படுத்து அப்போது நாலு மாதம். பாத்ரூமுக்குப் போவதென்றால்கூட அக்காதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அவர்கள் மகள்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய பரீட்சை வருஷம். அவர்களை ஒரு வேலையும் ஏவக் கூடாது என்பது அக்கா தானே போட்டுக்கொண்ட சட்டம். ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். அறுபது நொடி சும்மா நிற்கலாமே!

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு மினி வேன் கடை வாசலில் வந்து நின்றது. வேன்காரர் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவருக்கு முப்பது வயசு இருக்கும். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். முழங்காலில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக அப்பியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குட்டி பைக்கை இறக்கினார்.

பிட் பைக். இடுப்பு உயரம்கூட வராது. பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மண்மேட்டில் ஏற்றி இறக்கி விளையாடுவதற்கென்றே செய்த வண்டி. எஞ்சின் ஒரு பெரிய டப்பா அளவுதான். ஆனால் கிளட்ச், கியர் எல்லாம் பெரிய வண்டி மாதிரியே: இடது கை லீவரை அழுத்தினால் எஞ்சினும் சக்கரமும் பிரியும், விட்டால் சேரும்.

"கிளட்ச் புடிக்கல அக்கா. எஞ்சின் அலறுது, வண்டி நகர மாட்டேங்குது."

"பிளேட் தேஞ்சிருக்கும்."

"மாத்தியாச்சு. ரெண்டு தடவை."

"கேபிள்?"

"அதுவும் புதுசு. இதுவரைக்கும் மூணு பேருக்கு வித்துட்டேன். மூணு பேரும் ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. மாமியார்கூடச் சண்டை போட்ட பொண்ணு மாதிரி வீட்டுக்கே வந்து வந்து நிக்குது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சிரித்து முடிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

"திங்கக்கிழமை காலையில ஒருத்தர் பார்க்க வர்றார்" என்றார் டைல்ஸ்காரர்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை தம்பி. ஒரு நாளாவது படுத்துத் தூங்கலாம்னு..."

"வேற யாரும் தொட மாட்டேங்கறாங்க அக்கா."

ஏன் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு நிற்க வேண்டும், கால் கடுத்தது.

"சரி, விட்டுட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வேலையை முடித்து, மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்து, முதுகுக்கு ஒத்தடம் போட்டு, அக்கா கடைக்கு வந்தபோது மணி ஒன்று நாற்பது. மற்ற ஐந்து ஷட்டரும் பூட்டிக் கிடந்தன. தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் உள்ளே அடிக்காமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். பட்டப்பகல்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்கி, எஞ்சினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்து நிறுத்தினாள். பின்சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. முதலில் ஆயிலை வடித்தாள்.

ஆயில் சுத்தமாக இருந்தது.

அதுதான் முதல் நெருடல். கிளட்ச் வழுக்கினால் பிளேட் உரசி, கருகி, ஆயில் மை மாதிரி வரும். கருகல் நாற்றம் மூக்கைத் துளைக்கும். இதிலோ ஒரு நாற்றமும் இல்லை. தட்டில் விழுந்த ஆயில் நேற்று ஊற்றியது போல மின்னியது.

இரண்டு ஐந்துக்குப் பக்க மூடியைக் கழற்றினாள். நாலு ஸ்பிரிங். நாலையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். நாலும் ஒரே உயரம். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, கண்ணாடி மேல் வைத்துத் தட்டிப் பார்த்தாள். கோணல் இல்லை, தேய்மானம் இல்லை. விரலால் தடவினால் புதுப் பிளேட்டின் சொரசொரப்பு அப்படியே இருந்தது.

"நல்லாத்தானே இருக்கே, உனக்கு என்ன நோவு?" என்று வாய்விட்டுக் கேட்டாள். வண்டிகளோடு பேசுவது அவள் வழக்கம். வீட்டில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதால் இருக்கலாம்.

எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினாள். மூடிக்குப் புது பேக்கிங் வைத்து முறுக்கினாள். ஆயில் ஊற்றினாள். இரண்டு முப்பத்தைந்துக்கு உதைத்தாள். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் கியர் போட்டு, லீவரை மெல்ல விட்டு, சக்கரத்தைப் பார்க்கப் பின்பக்கம் வந்தாள்.

சக்கரம் சுற்றவில்லை.

ஆக்சிலேட்டரை முறுக்கினாள். எஞ்சின் அலறியது. சக்கரம் அசையவில்லை.

ஆஃப் ஸ்விட்சை அழுத்தி நிறுத்தினாள். கேபிள் இறுக்கமாக இருக்குமோ என்று லீவரைத் தொட்டுப் பார்த்தாள். தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கக் கைப்பிடி ஈரமாக இருந்தது.

தன் கை வியர்வை என்று நினைத்தாள். துணியால் துடைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தொட்டாள்.

மறுபடி ஈரம்.

வலது கைப்பிடியைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது.

கோளாறு எஞ்சினுக்குள் இல்லை என்றால் கேபிளில் இருக்க வேண்டும். அது சாதாரணக் கணக்கு. கேபிளின் கீழ் முனையை எஞ்சினிலிருந்து கழற்றித் தொங்கவிட்டாள். இப்போது லீவருக்கும் கிளட்சுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வண்டியை முதல் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக்கொண்டே உதைத்தாள். மூன்றாவது உதையில் எஞ்சின் கிளம்பியது.

சக்கரம் சுற்றியது.

நன்றாகச் சுற்றியது. 'அப்பாடா' என்று நிமிர்ந்தாள். கிளட்சில் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் பின்சக்கரத்துப் பக்கம், தரையோடு தரையாக, யாரோ 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை.

டக்.

பக்கத்துக் கடை ஷட்டர் என்று நினைத்தாள்.

டக். டக்.

ஆனால் பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன.

டக் டக் டக் டக் டக்...

சத்தம் வண்டியிலிருந்து வந்தது. கிளட்ச் லீவர். கேபிள் அறுந்தது போல் தொங்குகிறது, லீவர் மட்டும் தானாகக் கைப்பிடியில் போய் மோதுகிறது, திரும்புகிறது, மறுபடி மோதுகிறது. ஒரு மனுஷன் உயிர் போகிற அவசரத்தில் அழுத்துகிற மாதிரி, அழுத்தியும் ஒன்றும் ஆகாமல் மறுபடி மறுபடி அழுத்துகிற மாதிரி...

ஆஃப் ஸ்விட்சின் மேல் அவள் கை விழுந்தது. எஞ்சின் நின்றது.

லீவரும் நின்றது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மேலே ஃபேன் மட்டும் கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஓடியிருப்போம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதிர்வு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லீவர் போல்ட் லூஸாக இருந்தால் எஞ்சின் அதிர்வில் ஆடத்தான் செய்யும். ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறோம், காதும் கண்ணும் சொன்னபடி கேட்காது. இதை விட்டுவிட்டுப் போனால் நாளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாளைக்கு ஏற்கெனவே ஏழு வண்டி நிற்கிறது.

பயத்தைவிட அலுப்புப் பெரிதாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

லீவர் போல்ட்டை முறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கேபிளைத் திரும்ப மாட்டினாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உதைத்தாள். எஞ்சின் ஓடியது. இந்தத் தடவை வண்டியின் இடது பக்கமே நின்றுகொண்டு, லீவரைத் தன் இடது கையால் முழுசாக அழுத்தி, காலால் முதல் கியரைத் தட்டினாள். சுவர்க் கடிகாரம் மூன்று பன்னிரண்டு காட்டியது.

இனி லீவரை மெதுவாக விட வேண்டும்.

விட்டாள்.

கை வரவில்லை.

விரலை விரிக்கப் பார்த்தாள். விரல் விரியவில்லை. ஏதாவது இடுக்கில் மாட்டிக்கொண்டதா என்று குனிந்து பார்த்தாள். எதிலும் மாட்டவில்லை. அவள் கை, லீவர், கைப்பிடி. வேறு எதுவும் இல்லை.

ஆனால் அவள் கையின் மேல் இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தது. பெரிய கை. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. ஈரம். அவள் நாலு விரலின் மேலும் நாலு விரல்.

இழுத்தாள். அந்தப் பிடி இறுகியது.

வலது கையை நீட்டி ஆஃப் ஸ்விட்சை அழுத்தினாள். எஞ்சின் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி. சற்று முன்பு வேலை செய்த ஸ்விட்ச்...

கியர் பெடலைக் காலால் மேலே தூக்கப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

டேங்குக்கு அடியில் கைவிட்டுப் பெட்ரோல் டேப்பைத் திருகி மூடினாள். மூன்று பதினைந்து. அவளுக்குத் தெரியும், டேப்பை மூடினால் கார்புரேட்டரில் மிச்சம் இருக்கிற பெட்ரோல்தான். மூன்று நிமிஷத்துக்குக்கூடக் காணாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று பதினெட்டு. எஞ்சின் ஓடியது.

மூன்று இருபத்தைந்து. ஓடியது.

"யாரு?" என்றாள்.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு மட்டும். உள்ளே... வெளியே... உள்ளே...

"விடுங்க. எனக்கு வீட்ல வேலை கெடக்கு."

பிடி இன்னும் இறுகியது. விரல் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. இந்தக் கை போனால் வீடு போச்சு என்று நினைத்தாள். கத்தினாள். தெருவில் கேட்க ஆள் இல்லை.

பெஞ்சின் மேல் போன் அடித்தது. மாமா. கை நீட்டினால் எட்டாத தூரம். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பாத்ரூமுக்கா? விழுந்துவிட்டாரா? மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது.

அப்புறம் அவளுக்கு ஒன்று பட்டது.

அந்தக் கை நடுங்கியது.

மிரட்டுகிற கை நடுங்காது. மாமாவைக் கட்டிலிலிருந்து தூக்கி, பாத்ரூம் வாசல் வரை தாங்கி வரும்போது அவள் கை இப்படித்தான் நடுங்கும். இனி முடியாது, ஆனால் விட்டால் விழுந்துவிடுவார், விடக் கூடாது, விடக் கூடாது என்று... அந்த நடுக்கம் அவளுக்கு அத்துப்படி. காதில் கேட்ட மூச்சும் அதேதான். களைத்துப் போன ஒரு ஆளின் மூச்சு.

அவள் இழுப்பதை நிறுத்தினாள்.

வண்டி மேல் சாய்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்தது. பயத்தில் வந்ததா அலுப்பில் வந்ததா தெரியவில்லை என்றாள். அந்த நாலு மாதத்தில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை என்றும் சொன்னாள்.

மூன்று நாற்பது.

மூன்று ஐம்பது.

மூச்சு மெலிந்தது.

மூன்று ஐம்பத்து மூன்று. எஞ்சின் ஒரு தடவை இருமியது. நின்றது.

சுண்டு விரல் மேல் இருந்த பிடி முதலில் தளர்ந்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடு விரல்...

கை வெளியே வந்தது.

மாமா கடைசியில் எனக்குப் போன் செய்திருந்தார். "உங்க அக்கா போனை எடுக்க மாட்டேங்கறா, என்னன்னு பாரு." நான் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, பெஞ்சுக் காலில் சாய்ந்திருந்தாள். இடது கையை மடியில் வைத்திருந்தாள், கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. உங்க மாமாவுக்கு என்னவாம்?"

"தைலம் எங்க வச்சேன்னு கேட்கத்தான் போன் பண்ணாராம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நாலு விரலின் மேலும் குறுக்கே தடித்த நீலத் தடம். புறங்கை முழுவதும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. அந்த அகலம் என் கையைவிடப் பெரிது. வைத்தே பார்த்தேன்.

"ஷட்டரை எறக்கு, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அதே வேன் வந்தது. நானும் அன்று கடையில் இருந்தேன். அக்காவைத் தனியாக விட மனசில்லை. வேன்காரர் வண்டியிலேயே இருந்தார். டைல்ஸ்காரர் மட்டும் உள்ளே வந்தார்.

"ரெடியாயிடுச்சா அக்கா?"

அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, இந்த வண்டியில யார் செத்தது?"

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கவிழ்த்து வைத்திருந்த ஆயில் டின் மேல் அப்படியே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க அண்ணன்."

இரண்டு வருஷம் ஆகிறதாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வண்டி. அண்ணனும் டைல்ஸ் வேலைதான். ஞாயிற்றுக்கிழமையானால் கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குப் போவார்களாம், மண்சரிவில் ஏற்றி இறக்குவதற்கு. அன்றைக்கு அண்ணன் ஓட்டினார். சரிவின் பாதியில் பின்சக்கரம் மண்ணில் புதைந்தது. தம்பி பின்னாலிருந்து தள்ளினார். வண்டி ஒரு துள்ளு துள்ளி, அப்படியே பின்பக்கம் புரண்டு தம்பியின் மேல் விழுந்தது.

"குப்புற விழுந்துட்டேன். ஒரு பக்கக் கன்னம் மண்ணுக்குள்ள. வலது கை செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. சட்டைக் கையும் சேர்ந்து சுத்திக்கிச்சு. ஆக்சிலேட்டர் மண்ணுல அமுங்கி எஞ்சின் அலறுது. வண்டி கியர்ல இருக்கு. சக்கரம் இன்னும் ஒரு சுத்து சுத்துனா கை போயிடும். கையோட சேர்ந்து நானும் உள்ள போயிருப்பேன்."

"அப்புறம்?"

"கத்துனேன். 'அண்ணே, கிளட்ச்சைப் புடி! கிளட்ச்சை விட்றாதே!'ன்னு. 'புடிச்சிருக்கேன்டா'ன்னார். சக்கரம் நின்னுடுச்சு. என்னால தலையத் திருப்ப முடியல அக்கா. குரல் மட்டும் கேட்டுச்சு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், 'அண்ணே, இருக்கியா?' அவரும் சொல்லிக்கிட்டே இருந்தார், 'புடிச்சிருக்கேன்டா.' அப்புறம் அப்புறம் பேச்சு இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நிக்கிற வரைக்கும் புடிச்சிருந்தார். முக்கா மணி நேரம் இருக்கும். எஞ்சின் நின்னதும் எனக்கு நெனவு போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறந்தப்போ, அண்ணன் இல்லன்னாங்க. உள்காயமாம். என்னைக் காப்பாத்திட்டுப் போயிட்டார்."

அக்கா தன் இடது கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் பார்த்தார். தொடாமல், காற்றிலேயே, அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களைக் கொண்டுபோனார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"இன்னமும் புடிச்சுக்கிட்டா இருக்கார்?"

"எஞ்சின் ஓடுனா புடிக்கிறார். நின்னா விட்டுடறார்."

"நான்தான் வெளியே வந்துட்டேனே அக்கா... அவருக்குத் தெரியாதா?"

அக்கா குனிந்து எஞ்சின் மேல் கையை வைத்தாள். பிறகு சொன்னாள்.

"கிளட்ச்ல ரிப்பேர் எதுவும் இல்ல தம்பி. இந்த எஞ்சினைத்தான் இனிமே யாரும் ஓட்டக் கூடாது. எறக்கிடலாமா?"

அவர் தலையாட்டினார். வாங்க வருவதாக இருந்த ஆளுக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்று சொன்னார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து எஞ்சினை இறக்கினார்கள். அக்காவின் இடது கையில் பலம் இல்லை. அதனால் அவள் சொல்லச் சொல்ல அவர் போல்ட்டைக் கழற்றினார். கேபிளை விடுவிக்கும்போது மட்டும் அவர் கை தயங்கியது. ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கும். என்னவென்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், இன்றுவரை சொல்லவில்லை.

எஞ்சினைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றினோம். வெறும் சட்டமாக நின்ற வண்டியையும் ஏற்றினோம். டைல்ஸ்காரர் போய் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பின்கதவுக் கொக்கியை மாட்டுகிற சாக்கில் வேன்காரர் இறங்கி வந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். முன்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கையைக் காட்டும்மா."

காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தக் குவாரிப் பக்கம் நான்தான் மண்ணு ஏத்தப் போயிருந்தேன். நானும் ரெண்டு லோடு ஆளுங்களும்தான் மொதல்ல போய்ப் பார்த்தோம். தம்பிக்கு நெனவு இல்ல. நாங்க சொல்லவும் இல்ல. நீங்களும் சொல்லிடாதீங்க."

"எதை?"

"அவங்க அண்ணன் வண்டி மேல இல்லம்மா. வண்டி பொரண்டப்பவே தூக்கி எறிஞ்சிருக்கு. முப்பது அடி கீழ, பாறைக்கு அந்தப் பக்கம் கெடந்தார். கழுத்து முறிஞ்சிருந்துச்சு. விழுந்த நிமிஷமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

அக்கா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான்தான் கேட்டேன்.

"அப்போ லீவரை யார் புடிச்சிருந்தா?"

வேன்காரர் கொக்கியை மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"யார் கையும் இல்ல. ஆனா லீவர் உள்ளதான் இருந்துச்சு, கைப்பிடியோட ஒட்டி. எஞ்சின் நின்னு சூடே ஆறிப்போச்சு... அப்பவும் அது வெளிய வரல. மூணு பேர் சேர்ந்து இழுத்தோம்."